எவர்சில்வர் கதவு

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்த டைரி என் மகன் கதிரேசன் கொடுத்தது. ஆபீசில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தார்களாம். ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது. கையில் வைத்து அழுத்திவிட்டுச் சொன்னான்:

"எம்மா, புள்ள பொறக்குற வரைக்கும் நீ வாயத் தொறக்காத. அவ அம்மாட்டயும் இதத்தான் சொல்லிருக்கேன். சொல்லியே ஆகணும்னா இதுல எழுதிக்க."

பெற்றவளைப் பார்த்து வாயைத் திறக்காதே என்றான். எழுதிவிட்டேன். முதல் வரவு அவன் பேரிலேயே இருக்கட்டும்.

நான் வெள்ளைத்தாய். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணும், ஞாபகம் கோணாது.

மருமகள் ரேணுகாவுக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தரம் தங்கவில்லை. இந்தத் தரம் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். கழிப்பறைக்கு மட்டும் எழுந்திரிக்கலாம். ரத்த அழுத்தம் வேறு ஏறுகிறது. வீட்டில் சண்டை, சத்தம் எதுவும் கூடாது, எட்டாம் மாதத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்கிறாள் டாக்டரம்மா.

பார்த்துக்கொள்ள விருதுநகரிலிருந்து நான் வந்திருக்கிறேன். கரூரிலிருந்து அவள் அம்மா சுலோச்சனாவும் வந்திருக்கிறாள். வீடு சென்னையில், கொட்டிவாக்கத்தில், மூன்றாம் மாடி. பால்கனிக் கதவைத் திறந்தால் கடல். அவளுக்குக் காற்று வேண்டும் என்று கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டோம். கட்டிலிலிருந்து பார்த்தால் அடுக்களை தெரியாது, நடுவில் சுவர். அடுக்களை வாசலுக்கு எதிரே நிற்கும் பிரிட்ஜ் மட்டும் தெரியும். ஆள் உயரம், மேலும் கீழுமாக இரண்டு கதவு, முழுக்க எவர்சில்வர். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

நல்லது. நாங்கள் சமைப்பதும் முறைப்பதும் அவள் கண்ணில் படாது.

செப்டம்பர் 17, புதன்

பிரிட்ஜ் கதவில் கறை. டீத்தண்ணீர் தெறித்த மாதிரி சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள். தொட்டுப் பார்த்தேன், துடைத்தேன், போகவில்லை.

யார் வேலை என்று எனக்குத் தெரியும். சுலோச்சனா எதைப் பார்த்தாலும் எலுமிச்சம்பழத் தோலில் உப்பைத் தொட்டுத் தேய்க்கிறவள். பித்தளைக்குச் செய்கிறதை எவர்சில்வருக்கும் செய்கிறாள். அவர்கள் வீட்டில் எல்லாம் பித்தளையாம். வந்த அன்றே இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

எவர்சில்வர் என்றால் அவளுக்கு இளக்காரம். இன்றைக்கு நேற்றைக்கு இல்லை. கல்யாணத்துக்கு நான் ஒரு அண்டா வாங்கிப் பிள்ளைகள் இரண்டு பேர் பெயரும் வெட்டிக் கொண்டுபோனேன். மண்டபத்தில் அத்தனை சனத்துக்கு முன்னால் விரலை மடக்கி அதை ஒரு தட்டு தட்டினாள். "லேசா இருக்குதுங்களே" என்றாள். ஆறு வருஷம் ஆயிற்று. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. அந்த அண்டா இந்த வீட்டுப் பரணில் காகிதம் சுற்றியபடியே கிடக்கிறது, ஒருநாள்கூட அடுப்பில் ஏறவில்லை.

செப்டம்பர் 20, சனி

புள்ளி கூடியிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

இன்று அவள் என்னைக் கேட்டாள். ரேணுகாவுக்குக் கேட்காமல், மூச்சுக் காற்றிலேயே கேட்டாள்.

"ஏனுங்க சம்பந்தி, இதுல கம்பி நார் கிம்பி நார் போட்டீங்களாக்கும்?"

"நான் ஏன் போடப் போறேன் மதினி. எலுமிச்சம்பழம்னா ஒருவேளை புள்ளி வருமோ என்னமோ."

"எலுமிச்சம்பழம் போட்டா பளிச்சுன்னு ஆகுமுங்க. எங்கூட்டுல வந்து பாருங்க."

"ஒங்க வீட்டுல பித்தள."

அவள் துணியை உதறினாள், நான் ஒரு மூடியை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். ஹாலுக்குப் போகும்போது இரண்டு பேரும் சிரித்த முகமாகப் போனோம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. அழுத்தம் இன்னும் ஏறியிருக்கிறது. "வீட்ல ஏதாவது டென்ஷனா?" என்று டாக்டரம்மா கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் இல்லை என்றோம். ரேணுகா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

குழந்தை எடை போதவில்லையாம். எட்டாம் மாதத்தில் பிறக்கிற பிள்ளையைப் பற்றி எங்கள் ஊரில் ஒன்று சொல்வார்கள். அதை இதில் எழுத மாட்டேன்.

வந்து அடுக்களை மேடை முழுவதையும் துடைத்தேன். குழாயைத் துடைத்தேன். புகைபோக்கியின் அடியைத் துடைத்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மிக்சி, கிரைண்டர், அடுப்பு, கதிரேசனின் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. பிரிட்ஜுக்கு விபூதிப் பட்டை போட நான் கிண்ணத்தோடு போவதற்குள் சுலோச்சனா சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் அப்பிவிட்டாள். மேல் கதவில் ஒன்று, கீழ்க் கதவில் ஒன்று. நான் அதற்கு மேலேயே பட்டை போட்டேன். விடுவேனா.

ரேணுகா படுத்தபடியே கும்பிட்டாள். வயிற்றிலும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னாள். வைத்தேன். அப்போது உள்ளே உதைத்தது, என் விரலுக்குத் தெரிந்தது. சுலோச்சனாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று பொட்டைத் துடைத்தால் அடியில் சிவப்பு வளையம். இரண்டு கதவிலும். ஈரத் துணி, சோப்பு எதற்கும் மசியவில்லை. சுலோச்சனா குளிக்கப் போன நேரம் பார்த்துக் கம்பி நாரை எடுத்தேன். அண்டா குண்டா தேய்க்கிற மாதிரி வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தேன். வளையம் போய்விட்டது. ஆனால் கதவில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு மங்கல் விழுந்துவிட்டது, வாயால் ஊதிய கண்ணாடி மாதிரி.

அதுவே சரியாகும்.

அக்டோபர் 4, சனி

சரியாகவில்லை.

மத்தியானம் ரேணுகாவுக்கு மாதுளம்பழம் உதிர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்:

"ஏனுங் அத்தை, நேத்துல இருந்து உங்களக் காணமே?"

"இங்ஙனதான இருக்கேன்."

"இங்க இல்லீங்க. கதவுல."

எனக்கு விளங்கவில்லை. கையை நீட்டிப் பிரிட்ஜைக் காட்டினாள். "நாள் பூரா அதுலதான் உங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டுக் கெடப்பேன். மூஞ்சி கலங்கலாத்தான் தெரியும். ஆனா சேலை தெரியும், கை ஆட்டுறது தெரியும். நேத்து நீங்க தேச்சதும் புகை கட்டிருச்சு. அம்மா பாதி தெரியறாங்க. நீங்க நிக்கற எடம் சுத்தமாப் போச்சு."

மாதுளையைக் கீழே வைத்துவிட்டேன். சுவர் இருக்கிறது என்று நம்பி இத்தனை நாள் என்னென்ன செய்தேன் என்று மனசு ஓடியது.

"என்னத்தப் பாத்த?"

"அம்மா இடுப்புல கை வச்சுட்டு நடப்பாங்கல்ல, அவங்க பின்னாடியே நீங்க அதே மாதிரி நடந்தீங்க."

விரலில் இருந்த மாதுளைச் சாற்றைச் சேலையில் துடைத்தேன். அவளே சொன்னாள்: "அம்மா உங்க ரசத்த ஒரு கரண்டி ருசி பார்த்துட்டு சட்டியோட சிங்க்ல ஊத்துனாங்க. அப்பறம் புதுசா வச்சாங்க."

அன்றைக்கு ரசத்தை நன்றாக இருக்கிறது என்று கதிரேசன் இரண்டு தரம் வாங்கிக் குடித்தான். நான் ரசம் வைத்த கையை நானே மெச்சிக்கொண்டேன். இது தனியாக ஒரு கணக்கு.

வேவு பார்த்திருக்கிறாளே என்று கோபம்தான் முதலில் வந்தது. அதற்குள் அவள் குரல் மாறிவிட்டது.

"அதெல்லாம் பார்த்தா சிரிப்புத்தான் வரும் அத்தை. ஆனா ரெண்டு பேரும் ஆளுக்கொரு நேரம் பார்த்து சிங்க் முன்னாடி நின்னு அழறீங்க. தோளு குலுங்கறது தெரியுது. வெளிய வந்து என்னப் பார்த்துச் சிரிக்கறீங்க. டாக்டர் உங்ககிட்ட மட்டும் என்னமோ சொல்லியிருக்காங்க, என்கிட்ட மறைக்கறீங்கன்னு நெனச்சுட்டேன். பாப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு. காலைலகூட அம்மா அழுதாங்க."

திரும்பிப் பார்த்தால் வாசலில் சுலோச்சனா, கையில் கீரைக் கட்டோடு.

"அது வெங்காயம் கண்ணு" என்றாள்.

"ஆமா, வெங்காயந்தான்" என்றேன் நானும். நான் அழவில்லை. எனக்கு வெங்காயம் ஒத்துக்கொள்ளாது.

"இன்னைக்குப் புரட்டாசிச் சனி. வெங்காயம் தொட மாட்டம்னு காலைல ரெண்டு பேருந்தான் சொன்னீங்க" என்றாள் ரேணுகா.

சுலோச்சனா கட்டிலில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "டாக்டர் ஒண்ணும் சொல்லுல சாமி. உன்கிட்டச் சொன்னதுதான் எங்ககிட்டயும். நாங்க சும்மா பயந்து சாகறோம்."

நான் பயப்படவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசவும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

கதிரேசன் கதவைப் பார்த்துவிட்டுப் பிரிட்ஜ் கம்பெனிக்குச் சொல்லி ஆளை வரவழைத்தான். வந்தவர் கறையையும் பார்த்தார், மங்கலையும் பார்த்தார். நானும் சுலோச்சனாவும் இரண்டு பக்கமும் நின்றோம். யார் குற்றம் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புள்ளி கடல் காத்தால வர்றதும்மா" என்றார். "உப்பு படியுது. பால்கனியத் தெறந்து வச்சா எந்த எவர்சில்வரும் இப்படித்தான் ஆகும்."

இரண்டு பேருக்கும் முகம் தொங்கிவிட்டது. இத்தனை நாள் மென்று முழுங்கிய வார்த்தையெல்லாம் வீண்.

"எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கூடாது. ப்ளீச்சிங் பவுடரும் கூடாது. கம்பி நார் கூடவே கூடாது, அதோட இரும்புத் தூள் ஒட்டிட்டுத் துருப்பிடிக்கும்."

சுலோச்சனா என்னைப் பார்த்தாள். நான் பால்கனியைப் பார்த்தேன்.

கதவில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன என்று காட்டினார். துடைத்தாலும் தேய்த்தாலும் அந்தக் கோட்டோடுதான் போக வேண்டும், வட்டம் போட்டால் கோடு கலைந்து மங்கிவிடும். இரும்பு இல்லாத மெல்லிய நார் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது, "பால்கனியச் சாத்தியே வைங்க, கறையே வராது" என்றார்.

சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் ரேணுகா நைட்டிக் கழுத்தை இழுத்து விசிறிக்கொண்டாள். கேட்கவில்லை, அவள் எதையும் கேட்க மாட்டாள். சுலோச்சனா எழுந்துபோய்த் திறந்துவிட்டாள். நான் எழுவதற்குள் எழுந்துவிட்டாள்.

கறை வந்தால் தினமும் துடைத்துக்கொள்வது.

அக்டோபர் 9, வியாழன்

மூன்று நாளாகக் கதவு வேலை. நான் நாரால் மேலிருந்து கீழே இழுப்பேன், சுலோச்சனா ஈரத் துணியால் வழிப்பாள், பிறகு உலர்ந்த துணி, கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். கட்டிலிலிருந்து ரேணுகா அதிகாரம் பண்ணுவாள்.

"அத்தை, இன்னுங் கொஞ்சம் எடது பக்கம். ம், இப்ப மூக்கு தெரியுது."

"ஏ மூக்க விடு, ஒங்க அம்மா வாய் தெரியுதா பாரு. அது எந்நேரமும் ஆடிக்கிட்டே இருக்குமே."

"ஆடற வாயிலதானுங்க சோறு எறங்கும். உங்க ரசத்துக்கு அதுகூட எறங்க மாட்டீங்குது" என்றாள் சுலோச்சனா.

"ஊத்தினது ஒங்க கையி. சட்டியும் நான் கழுவுனது."

"ஏனுங்க, புளிக்கரைசல ரசம்னு கொடுத்தா ஊத்தாம என்ன பண்றது?"

இதெல்லாம் சத்தமாகவே. கதிரேசன் ஓடி வந்தான். "எம்மா, என்ன சொல்லி வச்சேன்?" என்றான். ரேணுகா அவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள். "விடுங்க, பேசட்டும். பேசாம இருந்தாத்தான் எனக்குப் படபடன்னு வருது."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அழுத்தம் இறங்கியிருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்றாள் டாக்டரம்மா. இருக்கட்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. வெடி கிடையாது. ரேணுகாவுக்குத் தலையில் மட்டும் எண்ணெய் தொட்டு வைத்தோம். எட்டாம் மாதம் நடக்கிறது.

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். கதவு தெளிந்ததிலிருந்து அடுப்பில் நின்றபடியே அவளை நானும் பார்க்க முடிகிறது. நீலப் போர்வை, அதன்மேல் ஒரு மேடு, ஒரு கை. தோசைக்கல்லைப் பார்க்கிற நேரத்தைவிட அதைப் பார்க்கிற நேரம் அதிகம். இன்று இரண்டு தோசை கருகிவிட்டது. கல் சரியில்லை.

கடல் காற்று பலமாக இருக்கிறது. காலையில் துடைத்தால் சாயங்காலத்துக்குள் புள்ளி விழுகிறது. மறுபடி துடைக்கிறேன். புள்ளி இல்லாதபோதும் துடைக்கிறேன். சுலோச்சனா எனக்கு முன்னால் எழுந்து துடைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு ஒன்றும் ஓடுவதில்லை.

அக்டோபர் 29, புதன்

காலையில் நான் அடுப்பில், சுலோச்சனா சிங்க்கில். கதவில் பார்த்தேன். போர்வைக்கு அடியில் கால் மடங்கியது, நீண்டது, மறுபடி மடங்கியது. கை போர்வையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. வெளியே வந்து கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங் அத்தை. புரண்டு படுத்தேன்" என்று சிரித்தாள்.

சிரிப்பை நம்பி அடுக்களைக்குத் திரும்பிவிட்டேன். கதவில் பார்த்தால் நான் இந்தப் பக்கம் வந்ததும் கை மறுபடி கொத்தாகப் பிடிக்கிறது. தலையணை ஓரத்தை வாயில் கவ்வியிருக்கிறாள். எங்களைப் பயமுறுத்தக் கூடாதாம். இந்தச் சாமர்த்தியத்தை இந்த வீட்டில் எங்களிடம்தான் கற்றிருப்பாள்.

அடுப்பை அணைத்தேன். பின்னால் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம். சுலோச்சனாவும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிங்க" என்றாள்.

"கதிரேசா, வண்டிய எடு" என்று கத்தினேன். ஒன்றரை மாதமாக அடக்கி வைத்த சத்தம் அவ்வளவும் அதில் வந்தது.

அக்டோபர் 30, வியாழன்

பெண். அறுத்து எடுத்தார்கள். தாய் நன்றாக இருக்கிறாள். பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. மூச்சு விடச் சிரமப்படுகிறது. ஒரு தரம்தான் காட்டினார்கள்.

கர்ப்பப்பை வாய்த் தையல் சதையை அறுக்க ஆரம்பித்துவிட்டதாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள். போதும் என்று நான் கையைக் காட்டிவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

ரேணுகாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக் கதிரேசன் கூட இருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் பத்தியச் சாப்பாடு ஆக்கிக் கொடுத்து அனுப்புகிறோம்.

அடுப்பில் நின்று நிமிர்ந்தால் கதவில் வெறும் கட்டில்.

ஈரத் துண்டு ஒன்றைக் கதவின் கைப்பிடியில் போட்டு விரித்துவிட்டேன். மழையில் வேறு எங்கே காயப்போடுவது.

பால்கனிக் கொடி காலியாக இருக்கிறது என்று சுலோச்சனா சொல்லவில்லை. துண்டைத் தொடவும் இல்லை. பிரிட்ஜைத் திறக்கும்போது துண்டு விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு திறக்கிறாள்.

நவம்பர் 7, வெள்ளி

பிள்ளைக்கு மூச்சு ஒரே மாதிரி வரவில்லையாம். எல்லா டம்ளரையும் விளக்கினேன்.

நவம்பர் 13, வியாழன்

பிள்ளைக்கு மூச்சுக்கு வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறது. பால் குடிக்கிறது. எடை ஏறுகிறது. அடுத்த வாரம் கூட்டிப்போகலாம் என்றார்கள்.

செய்தி வந்ததும் சுலோச்சனா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினாள். இந்த வயதில் ஏன் என்று நான் கேட்பதற்குள் காகிதம் சுற்றிய ஒரு சாமானை இறக்கினாள். என் அண்டா.

"புள்ளைக்குத் தண்ணி வைக்கோணுமல்லங்க" என்றாள்.

"ஒங்க பித்தளத் தவல இருக்கே. ஊர்ல இருந்து கொண்டாந்தீகளே."

"அது கனமுங்க. சூடா இருக்கறப்ப தூக்க முடியாது. இது லேசு."

அதே வார்த்தை. அதே வாய். ஆனால் தட்டிப் பார்க்கவில்லை. பெயர் வெட்டின இடத்தைச் சேலை முந்தானையால் துடைத்துவிட்டு, துடைத்துவிட்டுப் படித்தாள்.

நவம்பர் 20, வியாழன்

வந்துவிட்டார்கள். ஆரத்தி எடுத்தது சுலோச்சனா. பிள்ளையை வாங்கியது நான். கையில் ஒரு கனமே இல்லை. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கட்டிலில் தாயும் பிள்ளையும் படுத்தார்கள். நான் போய்த் துண்டை எடுத்தேன். அடியில் கதவு பழுத்துக் கிடந்தது. துண்டு தொங்கிய அகலத்துக்கு, கீழ் ஓரம்வரை, காவி நிறத்தில் ஒரு கறை. ஈரமும் உப்பும் சேர்ந்து தின்றிருக்கிறது. கோட்டோடு துடைத்துப் பார்த்தேன், வரவில்லை.

கதிரேசன் தண்ணீர் எடுக்க வந்தவன் பார்த்துவிட்டான். தூக்கம் இல்லாத முகம். குரலும் அப்படியே வந்தது.

"அந்தக் கம்பெனிக்காரரு அத்தன சொல்லிட்டுப் போனாரே. யாரு இதுல ஈரத் துணியப் போட்டு வச்சது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒன்றும் வரவில்லை.

"நாந்தானுங்க மாப்பிள்ளை" என்றாள் சுலோச்சனா. அண்டாவில் தண்ணீரின் சூட்டைக் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை. "மழையில்லீங்களா, எங்க காயப்போடறதுன்னு தெரியாமப் போட்டுட்டேன்."

மாமியாரை அவன் என்ன சொல்வான். "பரவால்லைங்க அத்தை" என்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

கட்டிலிலிருந்து ரேணுகா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று எனக்குத் தெரியாது. கறைக்கு மேல் பக்கம் தெளிவாகத்தான் இருக்கிறது.

மண்டபத்தில் அண்டாவைத் தட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரசத்தைச் சிங்க்கில் ஊற்றியது ஞாபகம் இருக்கிறது. என் விபூதிக்கு முன்னால் குங்குமம் அப்பியது ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு அவள் சொன்ன பொய்யையும் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.